அடிப்பக்கம் திறந்த தாலிப் பெட்டி

ஐயர் கையை நீட்டியபடி இருந்தார். தாலியைக் கொடுங்கள் என்று அவர் கேட்டுச் சற்று நேரமாகிவிட்டது. நான் பெட்டியின் மூடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். மூடி வரவில்லை.

மணையில் உட்கார்ந்திருந்தவன் என் தம்பி சரவணன். பக்கத்தில் ஆரம்பாக்கத்துப் பெண் தனம், தலை நிறைய மல்லிகையோடு. மாப்பிள்ளைக்கு அக்கா என்ற முறையில் அவர்கள் பின்னால் நின்று மூன்றாவது முடிச்சைப் போட வேண்டியவள் நான். தாலியை மேடைக்குக் கொண்டுவந்த அந்த மரப் பெட்டியைச் செதுக்கியவளும் நான்தான். செதுக்கியவள் கைக்கே அது திறக்கவில்லை.

புதுவாயல் கூட்டுரோட்டை ஒட்டிய மண்டபம். ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டிய சத்தத்தில் நாகஸ்வரமே பாதிதான் கேட்டது. அன்றைக்குத் திங்கட்கிழமை, ஏழரைக்கு ராகு காலம். மேடைக்கு நேர் எதிரே, யாரும் பார்க்காமல் தப்பிக்க முடியாத அளவில் ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் மாட்டியிருந்தார்கள். அதை மாட்டியவனை அன்று நான் மனதாரத் திட்டினேன்.

"இன்னாம்மா, தொறக்கலியா?" என்று முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. தனத்தின் பெரியப்பா. அந்தக் குரலில் கவலை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம், நான்தான் அப்போதே சொன்னேனே என்கிற திருப்தி.

அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு அது புதிதல்ல. நான் எங்கேயும் நேர்வழியில் போனவள் இல்லை.

இடுக்கில் நுழையாத தகடு

தேய்ந்த அரத்தையும் உடைந்த ரம்பத் தகட்டையும் சாணை பிடித்து உளியாக்கிக்கொண்ட கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, பகலெல்லாம் இரும்போடு இருப்பவளுக்கு மரத்தில் பூ செதுக்க எப்படி மனசு வருகிறது என்று கேட்டிருந்தார். பகலெல்லாம் இரும்போடு இருப்பதால்தான், அம்மா, வருகிறது. ஆனால் அந்த இரும்பு சும்மா விடுமா? கூடவே வீட்டுக்கு வந்துவிடும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மெஷினில் தயாராகி வருகிற பாகங்களை அளந்து, தேறினால் அனுப்புவேன், தேறாவிட்டால் சிவப்பு மையைத் தடவி ஒதுக்கிவிடுவேன். என் கையில் எப்போதும் ஃபீலர் கேஜ் இருக்கும். விசிறி போல விரிகிற மெல்லிய தகடுகள். இரண்டு பாகங்களைப் பொருத்தி வைத்து, நடுவில் எந்தத் தகடு நுழைகிறது என்று பார்ப்போம். எவ்வளவு மெல்லிய தகடுகூட நுழையாமல் இருக்கிறதோ அவ்வளவு நல்ல பொருத்தம்.

என் மேஜைக்கு வந்தால் பேஜாரு என்று மெஷின் ஆட்கள் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. நான் சம்பாதித்த பெயர்களிலேயே நல்ல பெயர் அதுதான்.

செதுக்கப் பழகியதும் கம்பெனி மரத்தில்தான். வெளிநாட்டு மெஷின்கள் வந்து இறங்கும்போது கூடவே மரச்சட்டங்கள் வரும். பிரித்துப் போட்ட பிறகு அவை அடுப்புக்குப் போகும். செக்யூரிட்டியிடம் சீட்டு வாங்கிக்கொண்டு நான் கொண்டுவந்துவிடுவேன். மெத்தென்ற மரம், உளி பட்டால் பிசின் வாசம் வீடெல்லாம் பரவும். முதல் சில பெட்டிகளைப் பார்த்தவர்கள் பூவா புழுவா என்று கேட்டார்கள். அப்புறம் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

மரப் பெட்டி என்றதும் எல்லோருக்கும் தாமரையும் மயிலும்தான் வேண்டும். நான் மயிலை எங்கே பார்த்தேன்? எங்கள் பக்கத்து ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. ஸ்டேஷனுக்குப் போகும் வழியெல்லாம் கோரை. கம்பெனி மதில் ஓரத்தில் கொடுக்காப்புளி, காய் சுருண்டு சுருண்டு வெடித்திருக்கும். பழவேற்காட்டுப் பக்கம் போனால் ஒற்றைக் காலில் பூநாரை. நான் பார்த்ததைத்தான் செதுக்குவேன். இலை என்றால் புழு தின்ற ஓட்டையோடு செதுக்குவேன்.

ஒருமுறை ஒரு அம்மா, வாங்கிப் போன பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். இலையில் ஓட்டை இருக்கிறதாம், டேமேஜ் பீஸாம். புழு தின்னாத இலை வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கில் கிடைக்கும், பஜாருக்குப் போங்கள் என்றேன். முறைத்தவர், பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் தங்கைக்கு ஒன்று கேட்டு வந்தார், அதே ஓட்டையோடு.

இரும்பில் சின்ன ஓட்டை இருந்தாலும் ஒதுக்கித் தள்ளுகிறவள், இலையில் ஓட்டையை வேண்டுமென்றே போடுகிறாள். இந்த வேடிக்கையை என் வீட்டுக்காரர் ஏழுமலை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

வரப்பில் விழுந்த பூவரசு

ஏழுமலை லோடு டெம்போ ஓட்டுகிறவர். ஒரு புயலுக்கு அடுத்த நாள் ஆரம்பாக்கம் பக்கம் போய் வந்தவர், வரப்பில் பெரிய பூவரச மரம் சாய்ந்து கிடக்கிறது, யாரும் தொடவில்லை என்று சொன்னார். பூவரசு செதுக்குகிறவளுக்குக் கிடைத்த வரம். கெட்டியான மரம், ஆனால் உளிக்கு முரண்டு பிடிக்காது, உள்ளே காப்பிக்கொட்டை நிறத்தில் அழகாக இருக்கும். மறுநாளே கிளம்பிப் போனோம்.

அங்கே தன் அப்பாவின் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு ஒரு பெண் கொடுவாளால் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தாள். அதுதான் தனம். மரத்தை எதற்குக் கேட்கிறேன் என்று விசாரித்தாள். போனில் என் பெட்டிகளின் படத்தைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"எல்லாம் போட்டுக்கீறீங்க. நெல்லு மட்டும் போடலியே, இன்னாக்கா?" என்றாள்.

சுற்றிலும் நெல் வயல். அத்தனை பூவையும் புழுவையும் செதுக்கியவள் அதை மறந்திருக்கிறேன். என் வேலையில் ஓட்டை கண்டுபிடிக்கிறவர்கள் குறைவு. அப்போதே முடிவு செய்துவிட்டேன், இவள் நம் சரவணனுக்கு என்று.

சரவணனைப் பற்றி இரண்டு வார்த்தை. வள்ளூர் மின்நிலையத்தில் காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். கேட்டால்தான் பேசுவான், கேட்டாலும் பாதிதான் பேசுவான். சட்டைப் பையில் எந்நேரமும் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் ஒன்று இருக்கும், கோயிலுக்குப் போனாலும் இருக்கும். எங்கேயாவது ஸ்விட்ச் லூசாகத் தெரிந்தால் முறுக்கிவிட்டுத்தான் வருவான். இப்படிப்பட்டவனுக்கு வாய் உள்ள பெண் வேண்டாமா?

தனத்துக்கு அவனைப் பிடித்தது. அவள் அப்பாவுக்கும் பிடித்தது. "நைனா, எனக்கு சரி" என்று அவள் சொன்னதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பெரியப்பாதான் ஒத்துவரவில்லை. அவர்கள் நிலம் வைத்து நெல் போடுகிறவர்கள். எங்கள் அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள், நாங்கள் கம்பெனிக்குப் போகிறவர்கள். நிலம் இல்லாத வீட்டில் பெண் கொடுப்பதா என்பதை அவர் நேராகச் சொல்லமாட்டார். வருவார், காப்பி குடிப்பார், காப்பியில் சர்க்கரை குறைவு என்பார்.

நிச்சயத்தன்று எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன்: உங்கள் வரப்பில் விழுந்த மரத்திலேயே பெட்டி செய்து, அதில்தான் தாலி கொண்டுவருவோம். தனத்தின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியப்பா மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டே, தாலி தட்டில்தான் வரவேண்டும், மரப் பெட்டியில் வெற்றிலை பாக்குதான் வரும் என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் செல்வி இல்லையே. "பாருங்க, ஒருநாள் நீங்களே வந்து எனக்கொண்ணு செஞ்சு குடுன்னு கேப்பீங்க" என்றேன். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

சித்திரை வெயிலில் முடித்த மூடி

அவர்கள் கொடுத்த மரத்தை அறுத்து, பலகைகளை மொட்டை மாடியில் நிழலில் அடுக்கிக் காய விட்டு, பங்குனியில் கை வைத்தேன். மூடியில் பூவரச இலை, நடுவில் ஒரு பூ, அதன் தொண்டைக்குள் இருக்கிற கருஞ்சிவப்புக்காக அங்கே மட்டும் ஆழமாகத் தோண்டினேன். நான்கு பக்கமும் நெற்கதிர், தனம் கேட்ட கடனுக்கு. கதிர் செதுக்குவது லேசில்லை. ஒவ்வொரு நெல்லும் ஒரே மாதிரி இருக்கவேண்டும், ஒரே மாதிரி இருக்கவும் கூடாது.

ஒரு மூலையில் மரத்தில் முடிச்சு இருந்தது. உளி அங்கே போய் முட்டி முட்டி நின்றது. இரண்டு நாள் பார்த்துவிட்டு அந்த முடிச்சையே ஓடாக வைத்து ஒரு நத்தையைச் செய்துவிட்டேன். அம்மாவுக்குக் காட்டினேன். தாலிப் பெட்டியில் நத்தையா என்று தலையில் கை வைத்தாள். அது பொறுமைக்கு அடையாளம், புதுப்பெண்ணுக்கு நல்லது என்று அந்த நிமிஷத்தில் தோன்றியதைச் சொல்லிவைத்தேன். அம்மா நம்பினாள். அதோடு நிற்காமல் பக்கத்து வீடுகளிலும் சொல்லிவிட்டாள்.

மூடிக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். பெட்டிக்குள் இறங்கி உட்காருகிற மாதிரி மூடி. தேய்த்து, பொருத்தி, மறுபடி தேய்த்து, கடைசியில் இடுக்கில் ஃபீலர் கேஜை வைத்துப் பார்த்தேன். இருப்பதிலேயே மெல்லிய தகடு நுழையவில்லை. மூடியை வைத்துக் கையை எடுத்தால், உள்ளே இருக்கும் காற்று 'உஸ்'ஸென்று வெளியேற அது தானாக மெல்ல இறங்கும். ஏழுமலை தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அடிப்பலகையை மட்டும் நான் ஒட்டுவதில்லை. என் எந்தப் பெட்டிக்கும் சின்னப் பித்தளை ஸ்க்ரூதான். மெஷின் என்றால் திறந்து பார்க்க ஒரு மூடி இருக்கவேண்டும், திறந்து பார்க்க முடியாத எதையும் என் கை பாஸ் பண்ணாது. அதுவும் கம்பெனி கொடுத்த பழக்கம்தான். உள்ளே விரிக்கிற வெல்வெட் துணியை மாற்றுவதற்கும் அது வசதி.

கல்யாணத்துக்கு முதல் நாள் வள்ளூர் வீட்டில் அம்மா தாலியை எடுத்து வைத்தாள். தன் காதிலிருந்த கம்மலை அழித்துச் செய்த தாலி அது. கயிற்றை மஞ்சளில் நன்றாக ஊறவைத்து, தாலியைக் கோத்து, அந்த ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்தாள். மூடி 'உஸ்'ஸென்று இறங்கியது. இனி மேடையில்தான் திறக்கவேண்டும், நடுவில் யாரும் திறக்கக்கூடாது என்று உத்தரவும் போட்டாள். விடியற்காலை வேனில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றுவிட, வழியெல்லாம் சாரல்.

இரும்பு தண்ணீர் குடிக்காது. மரம் குடிக்கும். சித்திரை வெயிலில் சுருங்கியிருந்த பூவரசு, உள்ளே மஞ்சள் ஈரத்தையும் வெளியே ஐப்பசி மழையையும் வயிறு முட்டக் குடித்துவிட்டு உப்பிப்போயிருந்தது. இது எனக்கு மேடையில் நிற்கும்போதுதான் உறைத்தது.

ஆளுக்கொரு யோசனை

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் ஒன்று மாட்டிக்கொண்டால் யோசனைக்குப் பஞ்சம் இருக்காது. வந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு கம்பெனியில் ஏதோ ஒன்றைத் திறந்து மூடுகிறவர்கள்.

உலையில் வேலை செய்கிற ஒருவர், லேசாகச் சூடு காட்டினால் வெளிக்கூடு விரிந்து கழன்றுவிடும் என்றார். அது இரும்புக்கு. லேத்தில் வேலை செய்கிறவர் சுற்றிலும் தட்டச் சொன்னார். மெயின்டெனன்ஸ் ஆள் எண்ணெய் விடச் சொன்னார், சமையல்கட்டிலிருந்து நல்லெண்ணெய்த் தூக்கும் வந்துவிட்டது. ஒருவர் வேகமாக மேடையேறி வந்து, பெட்டியை வாங்கி, தம் பிடித்து இழுத்து, முகம் சிவந்து, திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அவர் யார் வீட்டு ஆள் என்று இன்றுவரை தெரியாது.

ஏழுமலை என் காதருகே வந்து, "ஒடச்சிடலாம் செல்வி. வேற செஞ்சிக்கலாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். சமையல்கட்டில் தேங்காய் உடைக்கிற அரிவாள் இருந்தது. ஓங்கி ஒரு போடு போட்டால் மூடி பிளக்கும். உள்ளே இருக்கிற தாலிக்கு என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? மாப்பிள்ளையின் அக்கா தாலிப் பெட்டியை அரிவாளால் வெட்டினாள் என்ற பேச்சு எத்தனை வருஷம் ஓடும்?

பெரியப்பா எழுந்து நின்றார். "எத்தினி நேரம்மா இழுத்துக்கினு இருப்பே? ஒரு மஞ்சக் கெழங்க கயித்துல கட்டி முடிச்சிடுங்க. தாலிய அப்பால பாத்துக்கலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவசரத்துக்கு மஞ்சள் கிழங்கு கட்டுகிற வழக்கம் உண்டு. ஆனால் நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தது. கம்மல் பெட்டிக்குள் தாலியாக இருந்தது. அது இல்லாமல் இந்தக் கல்யாணம் நடந்தால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லாமலே இருந்துவிடுவாள், அதுதான் எனக்குத் தாங்காது. கடிகாரத்தில் ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். வந்தது. என் வேலையைப் பற்றி அத்தனை பேர் நடுவில் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

அப்போது தனம் பேசினாள். தலையை நிமிர்த்தவில்லை, மணப்பெண் அல்லவா. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அண்ணி, கம்பெனில ஒண்ணு இப்பிடி மாட்டிக்கினா இன்னா பண்ணுவீங்க?"

அதுவரை அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தாலி ஏறுவதற்கு முன்பே அண்ணி ஆக்கிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையில் என் பயம் போய்விட்டது. மாட்டிக்கொண்டால் என்ன பண்ணுவேன்? கீழ் மூடியைக் கழற்றுவேன்.

பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினேன். ஸ்க்ரூடிரைவர் வேண்டும் என்றேன்.

எங்கள் ஊர்க் கல்யாணத்தில் பன்னீர் தீர்ந்துபோகலாம், ஸ்க்ரூடிரைவர் தீராது. சொன்ன வாய் மூடுவதற்குள் ஒரு கூட்டமே பைக்குகளை நோக்கி மழையில் ஓடியது. நனைந்த வேட்டியோடு திரும்பி வந்தார்கள். எல்லாம் பைக் கழற்றுகிற தடித்தடி ஸ்க்ரூடிரைவர்கள். என் ஸ்க்ரூக்களோ நெல்மணி அளவு. ஒன்றும் பொருந்தவில்லை.

சரவணன் இதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போதும் திறக்கவில்லை. பட்டுச் சட்டையின் பைக்குள் கையை விட்டு டெஸ்டரை எடுத்து என்னிடம் நீட்டினான்.

காலையில் போட்டோக்காரர் அதை எடுக்கச் சொன்னதாகவும், அம்மா பிடுங்கி வைத்ததாகவும், இவன் மறுபடி எடுத்துச் செருகிக்கொண்டதாகவும் பிற்பாடு தெரிந்தது. கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கத்திலேயே அந்த டெஸ்டரின் தலை தெரியும். பாதிப் பேர் அதைப் பேனா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

டெஸ்டரின் மெல்லிய முனை கச்சிதமாகப் பொருந்தியது, ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அடிப்பலகையை எடுத்து, வெல்வெட்டை விலக்கினேன். மஞ்சள் வாசம் குப்பென்று வந்தது. தாலி ஈரமாக, பளபளவென்று, தலைகீழாக இருந்தது.

"தாலி தலகீழா வருதே, இது நல்லதுக்கா?" என்றார் பெரியப்பா. பின்னால் சில பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஐயர் கூட ஒரு கணம் தயங்கினார்.

தனத்தின் அத்தை எழுந்தாள், அதாவது பெரியப்பாவின் சொந்தத் தங்கை. அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் ஆயாவாக இருக்கிறவள்.

"பொறக்கற கொழந்தையே தலகீழாத்தாண்ணா வருது. நேரா வந்தாத்தான் டாக்டருங்க பயப்புடுவாங்க. நீ குந்து."

மண்டபமே சிரித்தது. ஐயர் சிரித்துக்கொண்டே தாலியை வாங்கினார். பெரியப்பா உட்கார்ந்தார். கெட்டிமேளம் மழையைத் தோற்கடித்தது. ஏழரைக்குள் சரவணன் இரண்டு முடிச்சுப் போட்டான், மூன்றாவதை நான் போட்டேன். என் விரலில் மஞ்சளும் பித்தளையும் கலந்து மணத்தது. அம்மா ஈர்க்குச்சி செருகிய காதோடு அழுதுகொண்டிருந்தாள், சந்தோஷத்தில்.

வெயிலுக்குத் திறக்கும் பெட்டி

பங்குனி பிறந்து ஒரு மதியம் தனம் போன் செய்தாள். பீரோவுக்குள் 'டப்'பென்று ஒரு சத்தமாம், பார்த்தால் மூடி தானாகத் தளர்ந்திருக்கிறதாம். கொண்டுவா, ஓரத்தை இழைத்துச் சரிசெய்து தருகிறேன் என்றேன். மறுத்துவிட்டாள். மழைக்கு மூடிக்கொண்டு வெயிலுக்குத் திறக்கிறது, அதுபாட்டுக்கு இருக்கட்டும், உங்கள் தம்பியைவிட அதுதான் வேளாவேளைக்கு வாயைத் திறக்கிறது என்றாள்.

ஆயுத பூஜைக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். பெட்டிக்கு முன்னால் அந்த டெஸ்டர், சந்தனமும் குங்குமமும் வைத்து.

அதற்குப் பிறகு என் கணக்கு மாறிவிட்டது. இப்போது மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தகடு தாராளமாக நுழைகிற இடம் விடுகிறேன். எந்த மாதத்தில் செதுக்குகிறேனோ அதற்குத் தகுந்தபடி கூட்டுவேன், குறைப்பேன். மரத்துக்கும் மூச்சு விட இடம் வேண்டும். வங்கக் கடலில் எத்தனை புயல் வேண்டுமானாலும் வரட்டும், இனி என் கை மூடி மாட்டாது. தைரியமாகச் சொல்கிறேன்.

சென்ற வருஷம் தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பெரியப்பா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோளில் ஒரு பலகை. உட்காரச் சொன்னேன், காப்பி கொடுத்தேன். சர்க்கரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே ஏதோ இருக்கிறது என்று புரிந்துவிட்டது.

அதே பூவரச மரத்தின் ஒரு துண்டைத் தன் பம்ப்செட் அருகே உட்காரப் போட்டு வைத்திருந்தாராம். தன் ஒரே மகனுக்குக் கல்யாணம், அதற்கு ஒரு பெட்டி வேண்டும். நெல் போடவேண்டும். நத்தையும் போடவேண்டும், அது பொறுமைக்கு அடையாளமாமே என்று எனக்கே சொல்லித் தந்தார். நிச்சயத்தன்று நான் விட்ட சவடால் என் நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் விழுங்கிய பேச்சுகள் குறைவு, அது ஒன்று.

இந்த முறை மூடி மாட்டாது, இடம் விட்டுச் செய்கிறேன் என்று மட்டும் உறுதி சொன்னேன்.

"மூடி எப்பிடின்னா இருக்கட்டும்மா. அடியில ஸ்க்ரூ வெச்சுடு. எங்க ஊட்ல தாலிய அடியிலேர்ந்துதான் எடுப்போம்."

நடந்தது ஒரே ஒரு கல்யாணம். அதற்குள் அது அவர்கள் வீட்டு வழக்கம்.

அந்தக் கல்யாணமும் அதே மண்டபத்தில்தான். தை மாத வெயில், துளி மழை இல்லை. மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் இல்லாததால் சித்தப்பா மகள் என்ற முறையில் மூன்றாவது முடிச்சுக்குத் தனம் மேடையில் நின்றாள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரலால் தொட்டால் திறக்கும், அப்படி ஒரு மூடி.

ஐயர் மூடியில் கை வைத்தார். பெரியப்பா சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க சாமி. அந்தப் பக்கம் இல்ல."

பிறகு கூட்டத்தைப் பார்த்து, "செல்வி எங்க? கூப்புடுங்க" என்றார். அத்தனை பேரும் திரும்பினார்கள். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு மேடையேறினேன். சரவணன் முதல் வரிசையிலிருந்து எழுந்து வந்து, பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கொடுத்தான். பெரியப்பா அதற்குக் குங்குமம் வைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

நான் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினேன்.